போர் தண்ணீரில் குளித்த ஹெரால்டு

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, அறுபதுகளின் நடுவில் வெளிவந்தது. நின்றிருந்த இடம் திருவான்மியூர், கடற்கரையிலிருந்து இரண்டே தெரு தள்ளி, கான்கிரீட் கூரை போட்ட ஒரு போர்ட்டிகோ. வாங்கியவர் கல்லூரிப் பேராசிரியர். அவர் காலமான பிறகு வண்டி ஓடவில்லை, ஆனால் கேட்பாரற்றுக் கிடக்கவும் இல்லை. வாட்ச்மேன் பெரியவர் தினமும் காலையில் கழுவித் துடைத்து, ரெக்சின் உறையை இழுத்து மூடி வைப்பார். மழை ஒரு துளி பட்டதில்லை. பேராசிரியரின் மகள் என்னிடம் சாவியைக் கொடுத்தபோது, "அப்பா இருந்தப்ப எப்படிப் பாத்துக்கிட்டாரோ அப்படியேதான் சார் வச்சிருக்கோம்" என்றார். பொய்யில்லை. வெளியே பெயின்ட் பளபளத்தது.

உள்ளே டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கினால் போர்ட்டிகோவின் தரை தெரிந்தது.

மழையில் நிற்காத, சேற்றில் ஓடாத, தினம் துடைத்த வண்டி அடியோடு அரித்துப்போனது ஏன் என்பதுதான் இங்கே கேள்வி. எப்படிச் சரிசெய்தோம் என்பது அதற்கு அடுத்தது. காரணம் தெரியாமல் தகடு வைத்து அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வண்டியிலேயே சாட்சி இருந்தது. எனக்கு முன்னால் மூன்று முறை அடைத்திருந்தார்கள்.

வண்டியின் கட்டுமானம்

ஹெரால்டை நம்ம ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்லலாம். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961இலிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைச் சென்னையில் தயாரித்தது. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்தது. பின்னால் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது.

துரு வேலைக்கு முக்கியமான சங்கதி வேறு. அந்தக் காலத்தில் கார்கள் பெரும்பாலும் பாடியும் சேசிஸும் (வண்டியின் பாரம் தாங்கும் அடிச்சட்டம்) ஒன்றான பெட்டிகளாக மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு பாடி அச்சடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியை அச்சடித்துத் தர ஆள் இல்லை. அதனால் ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டுச் சேர்த்தார்கள். கூரையைக்கூட போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். வீட்டு வாசலில் ஸ்பானரோடு உட்காருகிற என் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது. ஆனால் போல்ட் போட்ட ஒவ்வொரு இணைப்பும் தண்ணீர் புகுந்து தங்க ஒரு இடம்தான்.

சேசிஸின் நடுவில் இரண்டு பெரிய சட்டங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் அவுட்ரிக்கர் எனப்படும் குறுக்குக் கைகள் நீள்கின்றன. அந்தக் கைகளின் நுனிகளைச் சேர்த்து, கதவுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பக்கச் சட்டம் ஓடுகிறது. பாடியின் ஓரம் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கதவுக்கு அடியில் வெளியே தெரியும் படித் தகடு சும்மா போல்ட் போட்ட அலங்காரம், பாரம் தாங்குவதில்லை. உள்ளே இருக்கும் பக்கச் சட்டம் அரித்தால்தான் கதவு தொங்க ஆரம்பிக்கும்.

தட்டிப் பார்த்ததில்

கையில் எடுத்தது மூன்றே பொருள்: சின்ன சுத்தியல், மொக்கையான ஸ்க்ரூட்ரைவர், துணி சுற்றிய காந்தம். நல்ல தகட்டில் சுத்தியல் கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் சத்தம் மட்கும். காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே பெயின்டுக்குக் கீழே இருப்பது பட்டி, அதாவது குழியை நிரப்பப் பூசும் பசை. இந்தச் சோதனைக்கு நல்ல வெளிச்சமும் பொறுமையும் போதும், ஆனால் வண்டியை வாங்கும் முன் யாரும் செய்வதில்லை. பளபளப்பில் மயங்கிவிடுவோம்.

முன்னால் கால் வைக்கும் பள்ளம் இரண்டும் போயிருந்தன, டிரைவர் பக்கம் அதிகம். பேட்டரி உட்காரும் பெட்டியின் அடி ஆசிட்டில் கரைந்து ஜல்லடையாகியிருந்தது. கதவுகளின் கீழ் விளிம்பு, முன்பக்கத் தூண்களின் அடி, இரண்டு பக்கச் சட்டங்கள், முன் அவுட்ரிக்கர்கள் எல்லாம் அரிப்பு. வலப்பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூட்ரைவரை அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கி உள்ளே போனது.

நல்லபடியாக இருந்த இடங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். நடுவில் ஓடும் பெரிய சட்டங்களில் மேலாக ஒரு பழுப்புப் பொடி மட்டும். வயர் பிரஷ் போட்டதும் கீழே திடமான இரும்பு. டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பெட்ரோல் டேங்குக்கு அடியில் உள்ள தகடு இரண்டும் நன்றாக இருந்தன. கூரைத் துணியைப் பிரித்தால் உள்ளே பழைய பெயின்ட் அப்படியே ஒட்டியிருந்தது.

உப்பு எந்த வழியாக வந்தது

ஹெரால்டு துருவைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். டயர் அதை வாரி அடிக்கிறது. அதனால் அவர்கள் வண்டியில் துரு கீழிருந்து மேலே, வெளியிலிருந்து உள்ளே போகும். சக்கர வளைவுகளையும் சேசிஸின் அடிப்பக்கத்தையும் முதலில் பார் என்பார்கள். இந்த வண்டியில் நேர்மாறு. சேசிஸின் பக்கச் சட்டங்களின் அடிப்பக்கம் திடமாக இருக்க, மேல்பக்கம் கரைந்திருந்தது. படித் தகட்டின் வெளிமுகம் சுத்தம், உள்முகம் காலி. தண்ணீர் மேலிருந்து இறங்கியிருக்கிறது.

கடல் காற்று என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். திருவான்மியூரிலும் பெசன்ட் நகரிலும் ஜன்னல் கம்பியும் ஏசியின் வெளிப்பெட்டியும் எந்த வேகத்தில் அரிக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் கடல் காற்று வண்டியின் எல்லாப் பக்கமும் வீசுகிறது. அது மட்டுமே காரணம் என்றால் நடுச் சட்டமும் டிக்கியும் தப்பித்திருக்காது.

பெரியவரிடம் வண்டி கழுவும் முறையைக் கேட்டேன். "தெனம் ரெண்டு பக்கெட் தண்ணி சார். மேலருந்து ஊத்தி, துணியால தொடச்சிடுவேன். ஐயா சொல்லிக் கொடுத்தது." எந்தத் தண்ணீர்? போர்ட்டிகோ ஓரத்துக் குழாய், ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். மெட்ரோ வாட்டர் குடிக்கவே பத்தாது, அதில் யார் கார் கழுவுவார்கள்?

தென்சென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது பழைய கதை. குடிநீர் வடிகட்டி விற்பவர் கையில் இருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி அந்தக் குழாய்த் தண்ணீரில் வைத்தோம். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம்; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டர் அந்த 2000ஐயும் தாண்டி நின்றது.

அதுவும் முழு நிரூபணம் ஆகாது. அடுத்த வீட்டில் வேதியியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். பிளஸ் டூ லேபில் செய்யும் சோதனைதான். துருச் சில்லுகளைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட வேண்டும். உப்பில் உள்ள குளோரைடு இருந்தால் வெள்ளையாகத் திரியும். பக்கச் சட்டத்தின் மேல்பக்கத்திலிருந்து எடுத்த சில்லு விட்ட மாத்திரத்தில் தயிராகத் திரிந்து கீழே படிந்தது. கதவின் உள்ளடியில் சுரண்டியதும் அப்படியே. நடுச் சட்டத்துப் பொடியில் லேசான கலங்கல் மட்டும். டிக்கிச் சில்லிலும் அதே. அந்தக் கலங்கல் கடல் காற்றின் பங்கு. மீதி பக்கெட் வழியாக வந்தது.

மூன்று விஷயங்கள் சேர்ந்து இதைக் கெடுத்திருக்கின்றன. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர் காய்ந்து, கீழ் மூலை இரண்டிலும் விரல் நகம் நுழையும் அளவு விலகியிருந்தது. ஊற்றிய தண்ணீர் அதன் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, தூணின் அடியிலும் மிதியடிக்குக் கீழே விரித்த சணல் மெத்தையிலும் ஊறியிருக்கிறது. மெத்தைக்கு மேலே ரப்பர் விரிப்பு, கீழே தார் ஒட்டிய தகடு. ஊறிய தண்ணீருக்குக் காய வழி இல்லை. தண்ணீர் போனாலும் உப்பு போகாது. நாளுக்கு நாள் அங்கேயே சேரும்.

கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் வெளியேற ஒவ்வொரு கதவின் அடியிலும் சின்னத் துளைகள் உண்டு. எப்போதோ மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் அந்தத் துளைகளைப் பட்டி வைத்து மூடிவிட்டார்கள். ஓட்டை என்று நினைத்தார்களோ என்னவோ. கதவுக்குள்ளே தண்ணீர் நின்ற அளவைக் காட்டும் வெள்ளை உப்புக் கோடுகூட இருந்தது.

மூன்றாவதுதான் என்னை யோசிக்க வைத்தது. அந்த போர்ட்டிகோ கூரையும் ரெக்சின் உறையும். மழை படக்கூடாது என்றுதான் மூடினார்கள். ஆனால் மழைத் தண்ணீரில் உப்பு அநேகமாகக் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை வடகிழக்குப் பருவமழை கொட்டினால் சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டாவது போயிருக்கும். கடலோரத்தில் மழை படாமல் ஒதுங்கிய பரப்புகள், மழை படும் பரப்புகளைவிட வேகமாக அரிப்பது இதனால்தான். உறைக்குள்ளே ராத்திரி ஈரம் சிக்கிக்கொள்கிறது. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகக் கசிந்து நீராகும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் அந்த அளவுக்குக் காற்று காய்ந்த ராத்திரி ஏது? மழையே பெய்யாத சித்திரை மாதத்திலும் அந்தச் சட்டத்துக்கு மேல் ஒரு உப்பு நீர்ப் படலம் இருந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

பழைய ஒட்டுகள்

டிரைவர் பக்கத்துத் தரையைக் கிரைண்டரில் வெட்டி எடுத்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் வண்டியின் வரலாறு வரிசையாகத் தெரியும். அடியில் கம்பெனித் தகடு, காகிதக் கனத்துக்கு மெலிந்து கறுத்தது. அதன் மேல் பித்தளை வைத்துப் பற்றிய ஒரு ஒட்டு. மஞ்சள் கோடு ஓரத்தில் மின்னுகிறது. அதற்கும் மேலே அலுமினிய பாப் ரிவெட் அடித்த ஒரு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு. ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விரல் கனம் பட்டி, அதன் மேல் தார்.

ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே துரு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் ஒட்டுகள் விலகி, இடைவெளி பெரிதாகி, இன்னும் தண்ணீர் புகுந்திருக்கிறது. பித்தளையும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் இரும்பு தன்னைக் கொடுக்கும். அலுமினியமும் இரும்பும் கிடந்தால் அலுமினியம் கொடுக்கும். ஒட்டுப் போட்டவர்கள் தெரியாமல் தரைக்குள் ஒரு பேட்டரியையே செய்து வைத்திருந்தார்கள்.

நான் முதலில் போய்ப் பார்த்த டிங்கர் அனுபவஸ்தர். தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தகடு வச்சு அடிச்சு, பட்டி பாத்து, அண்டர் கோட்டிங் போட்டுடலாம் தம்பி. பத்து வருஷம் வரும்" என்றார். ஒரு வாரத்தில் வண்டி வேண்டும் என்று நிற்கும் வாடிக்கையாளருக்கு அவர் வேறென்ன சொல்ல முடியும்? கூலி கட்டுப்படியாகும் வழி அதுதான். நேரத்துக்குக் கணக்கு பார்க்காதவன் என்ற ஒன்றில்தான் எனக்கு அவரைவிட வசதி. வெட்டுவது, அளப்பது, அட்டையில் அச்சு எடுப்பது, சுத்தம் செய்வது, தரை வெல்டிங் என் பங்கு. சேசிஸ் வெல்டிங் மட்டும் தினமும் அதையே செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் வெல்டரிடம். ஓடும்போது மனித உயிர் தொங்கும் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வெல்டருக்கு வேலை இல்லை என்பது என் கட்சி.

பக்கச் சட்டம்

பாடியைத் தூக்கிவிட்டு சேசிஸைத் தனியே வேலை பார்க்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஹெரால்டில் பாடியை இறக்குவது சுலபமும்கூட. நான் அதைச் செய்யவில்லை. பக்கச் சட்டம் இற்றுப்போன நிலையில் பாடியின் நேரைப் பிடித்துக்கொண்டிருப்பது சேசிஸின் மிச்சமும், சேசிஸின் நேரைப் பிடித்துக்கொண்டிருப்பது பாடியின் மிச்சமும். பிரித்தால் இரண்டுமே தன் போக்குக்கு வளையும். பிறகு புதுச் சட்டம் வைத்து பாடியை இறக்கினால் கதவு பூட்டுக்கு வந்து சேராது.

ஆகவே தரை மட்டமாக இருக்கும் இடத்தில், சக்கரத்துக்குப் பக்கத்தில் நடுச் சட்டத்தின் கீழ் நான்கு ஸ்டாண்டு. கதவுகள் மூடியபடி. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என அளந்து கதவிலேயே மார்க்கரில் எழுதிவிட்டேன். அடியில் படுத்துக்கொண்டு மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்தாயிற்று. கதவு வாசலுக்குக் குறுக்கே சதுரக் குழாய் ஒன்றை இரண்டு தூணிலும் புள்ளி வைத்துப் பற்றிக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் வெட்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அதிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கை. அது வெந்து ஆறி, அளவு சரி என்று பார்த்த பிறகு அடுத்தது.

இங்கிலாந்தில் ஹெரால்டுக்கான அவுட்ரிக்கரும் சட்டமும் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் பொருளின் விலையைத் தாண்டும். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தால் அதுவும் இதே அளவு அரித்த இன்னொரு வண்டியின் சட்டமாகத்தான் இருக்கும். இது அடிப்படையில் மடித்த தகட்டுப் பெட்டிதானே. நன்றாக இருந்த இடது மூலையில் வெர்னியர் வைத்துத் தடிமன் பார்த்து, அதே தடிமனில் சி.ஆர். தகடு (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு) வாங்கி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய அச்சோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெண்டிங் மெஷின்காரரிடம் கொடுத்தேன். மடிப்பு மூலையின் வளைவுக்காக எவ்வளவு விட வேண்டும் என்று அவரே சொன்னார். என் அச்சைவிட அவருடைய கண் துல்லியம்.

ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே, அதையே போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகம் ஆவியாகும். அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும். வெல்டிங்கிலும் ஓட்டை விழும். சாதா தகட்டை நன்றாக வெல்டு செய்து பிறகு காப்பது மேல்.

பெட்டிச் சட்டம் அரித்ததற்கு அது உள்ளே தண்ணீரைத் தேக்கிவைத்ததும் காரணம். அசலில் இருந்த வடிதுளைகளுக்கு மேல் தார் பூசியிருந்தார்கள். புதுச் சட்டத்தில் துளைகளை அதே இடத்தில் போட்டதோடு, இரண்டு நுனியிலும் ரப்பர் மூடி போடுகிற மாதிரி விரல் கனத் துளை ஒன்றும் விட்டோம். பிற்பாடு மெழுகு அடிக்கவும் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவும் அது வழி.

சட்ட விஷயம் ஒன்று. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால் அசல் சட்டத்தை அசல் வடிவத்திலேயே, அசல் இடத்திலேயே பழுதுபார்த்தோம். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எண் பொறித்த தகடுகளின் பக்கம் கிரைண்டரே போகவில்லை.

தரை

தரை வேலையில் எதுவரை வெட்டுவது என்பதுதான் பெரிய முடிவு. துரு தெரியும் விளிம்போடு நிறுத்தினால் மெலிந்த தகட்டில் வெல்டு ஏறாது, தீப்பட்டதும் ஓட்டை பெரிதாகும். கிரைண்டரில் தேய்த்தால் கரும்புள்ளி இல்லாமல் பளிச்சென்று வரும் இடத்தைத் தேடி, அதையும் தாண்டி இரண்டு விரல் தள்ளி வெட்டினேன். பழைய பித்தளைப் பற்று ஒரு துளி மிச்சம் இருந்தாலும் புது வெல்டு வெடிக்கும். அதை முழுக்கத் தேய்த்து எடுப்பது வெல்டிங்கைவிடப் பெரிய வேலையாக இருந்தது.

20 கேஜ் தகடு, 0.8 மி.மீ. ஒயர் போட்ட மிக் வெல்டிங் மெஷின். மெல்லிய தகட்டில் கோடு இழுத்த மாதிரி வெல்டு ஓட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது எதிர் மூலையில், கை வைத்தால் சூடு பொறுக்கும்வரை காத்திருந்து அடுத்தது என்று குதித்துக் குதித்துப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். இதில் சென்னைக்கே உரிய ஒரு கொடுமை உண்டு. மெஷின் விடும் வாயுதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. ஃபேன் போட்டால் அது கலைந்து வெல்டு முழுக்கப் பொந்து விழும். தோல் கையுறை, தலைக்கவசம், முழுக்கைச் சட்டை, ஃபேன் இல்லாத கத்திரி வெயில். விடிகாலையில்தான் வெல்டிங் நடந்தது.

பெட்ரோல் டேங்கை முதல் வேலையாகக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். காலி டேங்க்தானே என்று விடக்கூடாது. ஆவி நிறைந்த காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. சணல் மெத்தை ஒரு நூல்கூட உள்ளே இருக்கக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உலர்ந்த தூசியாகப் பறக்கவிடாமல் தண்ணீர் போட்டு எமரி தேய்த்தேன்.

உப்பை எடுப்பது

வெட்டி வெல்டு செய்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. வெட்டாமல் விட்ட இடங்களில், குழிக் குழியாய் இருக்கும் இரும்புக்குள் உப்பு மிச்சம் இருந்தால் அதற்கு மேல் என்ன பூசினாலும் ஒரு வருஷத்தில் கொப்புளம் கிளம்பும். வயர் பிரஷ் உப்பை எடுக்காது, உள்ளே திணிக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவுவது, காயவிடுவது, பழுப்பு மறுபடி பூத்தால் தேய்த்துவிட்டு மறுபடி கழுவுவது. தமிழ்நாட்டில் 2003இலிருந்து எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். என் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர் ஒரு தொட்டிக்குத் தனியே போகிறது. கழுவ அந்தத் தண்ணீர். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் விட்டால் தெளிவாக நிற்கும்வரை செய்தேன். சோதனைக் குப்பியை ஆசிரியை என்னிடமே கொடுத்துவிட்டார், தினம் வந்து கதவைத் தட்டுகிறேன் என்று.

கழற்றக்கூடிய சின்ன பாகங்களை, கீல், பிராக்கெட், பேட்டரிப் பட்டை போன்றவற்றை, பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, பழைய பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை பாகத்திலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொடுத்தால் துரு தானாகக் கழன்று வரும். எவர்சில்வர் தட்டை பாசிட்டிவில் வைத்துவிடாதீர்கள், விஷமுள்ள குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில் வைக்க வேண்டும்.

குழிகளில் மிஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கன்வர்ட்டர், அதாவது துருவை இறுகிய படலமாக மாற்றும் திரவம். டானின் கலந்தது இன்னொரு வகை; துரு கருநீலமாக மாறி இறுகும். நமக்குப் புதிதல்ல. கடுக்காயில் இருப்பது டானின்தான். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது கடுக்காய் ஏறிய துணியில் இரும்புக் கரைசல் படும்போது. எந்தக் கன்வர்ட்டரும் மெல்லிய துருவுக்கு மட்டும். பொருக்கு கிளம்பிய இடத்தில் ஊற்றினால் மேலோடு கறுத்து, உள்ளே பழைய கதை தொடரும்.

இதற்குப் பிறகு ரெட் ஆக்சைடு அடித்து வாரக்கணக்கில் விட்டுவைப்பது நம் ஷெட்டுகளின் வழக்கம். ரெட் ஆக்சைடும் சாம்பல் நிற பிரைமரும் ஈரத்தை உள்ளே விடும். ஐப்பசி மழையில் அப்படி நின்ற வண்டிக்குப் பெயின்டுக்குக் கீழேயே துரு ஆரம்பமாகிவிடும். சுத்தம் செய்த அன்றைக்கே, கை வியர்வை படாமல், இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பிரைமர் அடித்தேன். இணைப்புகளில் சீலர் அதற்கு மேல். வெறும் இரும்பில் சீலர் வைத்தால் அதற்கு அடியில் ஈரம் ஓடும். மேல் பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஷெட்டில் கொடுத்தேன், நன்றாக அடித்தார்கள்.

சட்டங்களுக்குள் என்ன ஊற்றுவது என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. வடித்த எஞ்சின் ஆயிலை ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எரிந்த அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், ரப்பர் புஷ்ஷையும் ஊதவைக்கும். தார்க் கோட்டிங் வெடித்த பிறகு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பதற்கு இந்த வண்டியே சாட்சி. துளைக்குள் குழாய் விட்டு அடிக்கும் மெழுகைத் தேர்ந்தெடுத்தேன். மே மாத வெயிலில் கொஞ்சம் இளகி வடிதுளை வழியாகச் சொட்டுகிறது. கீழே ஒரு அட்டை போட்டுவைத்தால் ஆயிற்று.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

பீடிங் புதிது. கதவுத் துளைகள் திறந்தாயிற்று. மிதியடிக்குக் கீழே சணலுக்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத ஃபோம். வண்டி இப்போது என் வீட்டில், மேலே ஷீட் போட்டு நான்கு பக்கமும் காற்றோட்டமாக நிற்கிறது. ரெக்சின் உறை கிடையாது. துடைக்க ஈரத் துணி மட்டும். தீபாவளிக்கு முன்பு வந்த நல்ல மழையில் வேண்டுமென்றே வெளியே நிறுத்தினேன். பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "ஏம்ப்பா, இவ்வளவு செலவு பண்ணிட்டு இப்படி நனைய விடறியே" என்று அங்கலாய்த்தார்.

மழை முடிந்து, தை பிறந்ததும் போனில் மாட்டும் குழல் கேமராவை எல்லாத் துளைகளிலும் விட்டுப் பார்த்தேன். பக்கச் சட்டங்கள் இரண்டிலும் மெழுகு அப்படியே இருந்தது. தரையில் ஈரம் இல்லை. கதவு இடைவெளிகள் மார்க்கர் எழுத்தோடு ஒத்துப்போகின்றன. இடது முன்தூணின் அடியில் மட்டும், இரண்டு தகடு மடிந்து சேரும் இடத்தில், ஒரு பழுப்புக் கோடு கசிந்திருக்கிறது. மடிப்புக்குள் தேங்கிய உப்பைத் தூணை வெட்டாமல் எடுக்க முடியாது. தூணை வெட்டினால் கதவுக் கீலின் நேர் போகும். இப்போதைக்கு வெட்டப் போவதில்லை. மடிப்பில் ஊடுருவும் மெழுகை வருஷத்துக்கு இரண்டு முறை ஏற்றி, அந்தக் கோட்டின் நீளத்தைப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். கோடு வளர்ந்தால் கதவைக் கழற்றித் தூணுக்கு ஜிக் (அளவு நகராமல் பிடிக்கும் சட்டம்) கட்டி வெட்டுவது. வளராவிட்டால் அப்படியே விடுவது. கதவுகளின் கீழ் விளிம்புக்குப் புதுத் தகடு மடிக்கக் கொடுத்திருக்கிறேன், அந்த வேலை சித்திரையில்.